நானாவின் கூட்டாளிமார்

நானா மதகுக் கட்டின் மேல் ஏறி நின்று, போனைப் பிடித்த கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, கடல் பக்கம் ஒரு தரமும் காட்டுப் பக்கம் ஒரு தரமும் திரும்புகிறார். கீழே வீதியோரத்தில் நான் நிற்கிறேன். திரையில் ஒரு கோடு தெரிந்ததும் அவர் அசைவதை நிறுத்திவிடுவார். இரண்டாவது கோடும் வந்தால், "வந்திட்டுது, ஓடி வா" என்பார். நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த முதல் வருடத்தில் பல மாதங்கள், பின்னேரத்து அஸர் தொழுகைக்கும் பொழுதுபட்டதும் வரும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில், மழையில்லாத நாளெல்லாம் இது நடந்தது. அப்போது எனக்குப் பதினாலு வயது. என் அண்ணன், நானாவுக்குப் பதினேழு.

ஊருக்குத் திரும்பி வந்தோம் என்று எழுதுகிறேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் திரும்பி வந்தவர்கள் வாப்பாவும் உம்மாவும்தான். போர்க்காலத்தில் மன்னார்க் கரையோரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அவர்கள் புத்தளத்தில் போய் இறங்கிய இடத்தில் முதலில் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அது கல்வீடானது. நானாவும் நானும் அங்கே பிறந்தவர்கள். எங்களுக்கு அந்த வீடும் அதன் முன்னால் ஓடிய மணல் ஒழுங்கையும்தான் ஊர். பெரியவர்கள் 'எங்கட ஊர்' என்று பெருமூச்சு விடும்போது, அது வேறெங்கோ இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் ஒரு மாமா இருக்கிறார் என்று கேட்டு வளர்வதைப் போலத்தான் அதுவும். இருக்கிறார் என்பதை நம்புவோம். அவரை நினைத்து நாங்கள் அழமாட்டோம்.

புத்தளத்தில் இருந்தவரை நானாவுக்கும் எனக்கும் இடையில் பெரிய ஒட்டுறவு இருக்கவில்லை. சண்டையும் இல்லை. அவருக்கு ஒரு கூட்டம் இருந்தது. உப்பளத்துக்குப் பக்கத்து வெளியில் கிரிக்கெட், அது முடிந்தால் டியூசன், அது முடிந்தால் சந்திக் கடையடியில் நின்று கதை. பாடசாலை விட்டு வரும்போது கூட்டாளிமாருடன் எதிரே வந்தால், என்னை அறியாதவரைப் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. எனக்கும் என் பக்கத்து வீட்டுச் சினேகிதி இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதிலில் ஒரு கல் பெயர்ந்த இடைவெளி உண்டு. நடக்கப் பழகிய காலத்திலிருந்து அந்த வழியாகத்தான் நாங்கள் போய்வந்தோம். சாதாரண தரப் பரீட்சையை ஒன்றாக எழுதுவது, உயர்தரத்துக்கு ஒரே பாடங்களை எடுப்பது, கலியாணம் முடித்தாலும் இதே ஒழுங்கையில் இருப்பது என்று எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தோம்.

போர் முடிந்து, மீள்குடியேறலாம் என்ற பேச்சு வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் போவதென்றும் மீதிப் பேர் இருப்பதென்றும் பிரிந்தார்கள். சினேகிதியின் வாப்பாவுக்குப் புத்தளத்தில் கடை இருந்ததால் அவர்கள் இருந்துவிட்டார்கள். எங்கள் வாப்பா மீன்பிடிக்காரர். பிறந்த கடலில்தான் தொழில் செய்ய வேண்டும் என்று நின்றார். உம்மா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சட்டி பானைகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கினா. எதிர்த்து நின்றது நானா மட்டும்தான். அவர் உயர்தர வகுப்பில் சேர்ந்து ஒரு தவணைகூட முடிந்திருக்கவில்லை.

"எனக்குப் படிக்கோணும் வாப்பா. அங்க ஏ.எல். வகுப்பு இல்ல எண்டு சொல்லுறாங்க. நான் இஞ்ச பெரியவாப்பா வீட்டில நிண்டு படிக்கிறன்."

வாப்பா சொன்னார்: "ஒரு வருசம் எனக்குத் துணைக்கு நில்லு மகன். தனிய என்னால காடு வெட்டி, வீடு கட்டி, கடலுக்கும் போக ஏலாது. ஒரு வருசம் போனதும் உன்னப் படிக்க அனுப்புறன். இது என்ர வாக்கு."

நானா அன்றைக்குச் சாப்பிடவில்லை. லொறி புறப்பட்ட நாளில் அவருடைய கூட்டாளிமார் ஐந்து பேரும் வந்து, ஆளுக்கொரு சாமானைத் தூக்கி ஏற்றினார்கள். லொறி திரும்பும் வரை சந்திக் கடையடியில் வரிசையாக நின்றார்கள். சினேகிதி மதிலடியில் நின்று அழுதாள். நானும் அழுதேன். நானா லொறியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்து சேர்ந்த இடத்தை எப்படிச் சொல்வது? வாப்பா ஒரு பற்றைக் காட்டைக் காட்டி, "இதுதான் குசினி" என்றார். உடைமரங்களும் முட்செடிகளும் மூடிக்கிடந்த இடத்தில், கத்தியால் வெட்டிக்கொண்டு உள்ளே போனபோது, சீமெந்து நிலத்தின் ஒரு துண்டும் கிணற்றின் விளிம்பும் தெரிந்தன. உம்மா அந்தத் துண்டில் போய் உட்கார்ந்து கையால் தடவினா. எங்களுக்குத் தடவ ஒன்றுமிருக்கவில்லை. தகரக் கொட்டில் போட்டோம். மின்சாரம் இல்லை. பொழுதுபட்டால் வில்பத்துக் காட்டுப் பக்கமிருந்து யானை வரும் என்பதால் எல்லோரும் நேரத்தோடு உள்ளே போய்விடுவோம். பாடசாலை ஒரு நீளக் கொட்டகை. என் வகுப்பில் இருந்தவர்களை ஒரு வாங்கில் நெருக்கி உட்காரவைக்கலாம்.

வீட்டில் போன் வேலை செய்யாது. சிலாவத்துறைக்குப் போகும் வீதியில், எங்கள் கொட்டிலிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு மதகு இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும், அதுவும் மேலே ஏறி நின்றால், சிக்னல் கிடைக்கும் என்பதை யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன். காலையில் வாப்பா அதைப் பொலித்தீனில் சுற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார். பின்னேரம் அது எங்களுக்கு. பெண்பிள்ளை தனியே வீதிக்குப் போகக்கூடாது என்பதால், நான் போக வேண்டுமென்றால் நானா வர வேண்டும். அப்படித்தான், வீதியில் கண்டால் முகம் திருப்பிக்கொண்ட நானாவும் நானும் ஒவ்வொரு பின்னேரமும் ஒன்றாக நடக்கத் தொடங்கினோம்.

மதகடியில் நாங்கள் மட்டும் இல்லை. திரும்பி வந்த வீடுகளில் எங்கள் வயதில் யார் யார் இருந்தார்களோ அவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார்கள். ஆண்பிள்ளைகள் மதகின் கடல் பக்கக் கட்டின் மேல், பெண்பிள்ளைகள் காட்டுப் பக்கக் கட்டின் மேல். ஒருவரும் மற்றவரோடு பேசுவதில்லை. எல்லோரும் புத்தளத்தோடு பேசிக்கொண்டிருப்போம். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, "கேக்குதா, இப்ப கேக்குதா" என்று கத்துவோம். பக்கத்தில் நிற்பவர் எதற்காக அழுகிறார், எதற்காகச் சிரிக்கிறார் என்பது எல்லோருக்கும் கேட்கும். கேட்காதவர்களைப் போல இருப்போம்.

முதல் மாதங்களில் சினேகிதியோடு நான் பேசியதெல்லாம் மதிலோரம் நின்று பேசியவைதான். யார் யாரோடு கோபம், எந்த ரீச்சர் என்ன சொன்னா, புதுப் பாவாடைக்கு என்ன நிறம். நாட்கள் போகப் போக அவள் சொல்லும் கதைகளில் எனக்குத் தெரியாத பெயர்கள் வரத் தொடங்கின. "அவ ஆர்?" என்று கேட்பேன். சொல்வாள். அடுத்த நாள் இன்னொரு பெயர் வரும். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் கதை நின்றுவிடுகிறது, விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவளுடைய குரல் களைத்துப்போகிறது. வானொலியில் போகும் நாடகத்தைக் கேட்பவளைப் போல, நடுநடுவே "ம்" போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் சொல்வதற்கு யானை வந்த கதை இருந்தது. யானைக் கதையை எத்தனை தரம் சொல்வது?

நானாவுக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கூட்டாளிமார் முதலில் ஒரு போனைச் சுற்றி நின்று மாறி மாறிப் பேசினார்கள். எப்ப வாறாய், எப்ப வாறாய் என்ற ஒரே கேள்விதான். பிறகு ஒருவர் எடுத்தார், மற்றவர்கள் விளையாடப் போய்விட்டதாகச் சொன்னார். பிறகு அவரும், "பிறகு எடுக்கவா மச்சான்" என்றார். நானா மதகிலிருந்து இறங்கி, போனை என்னிடம் தந்துவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

திரும்பி நடக்கும்போதுதான் நாங்கள் கதைப்போம். இருட்டுவதற்கு முன் போய்ச்சேர வேண்டும் என்ற அவசரம் இருந்தாலும் மெதுவாகத்தான் நடப்போம். கடலில் முதல் நாள் சத்தியெடுத்ததை, இரண்டாம் நாளும் எடுத்ததை, வாப்பா அதைப் பார்க்காதவரைப் போல மறுபக்கம் திரும்பி வலை இழுத்ததையெல்லாம் நானா எனக்குத்தான் சொன்னார். வகுப்பில் இடைவேளை முழுவதும் தனியே இருப்பதை நான் அவருக்குத்தான் சொன்னேன். பதினேழு வயது ஆண்பிள்ளை தங்கச்சியிடம் சொல்லக்கூடாத ஒன்றையும் சொன்னார். டியூசனில் ஒரு பிள்ளை இருந்தாள். அவளை அவருக்குப் பிடிக்கும். அவளுக்கும் பிடிக்கும் என்று அவர் நினைத்தார். ஆனால் ஆண்குரல் கேட்டால் அவளுடைய உம்மா போனை வைத்துவிடுவா.

"நீ எடுத்துக் கேள். பொம்பிளக் குரல் எண்டா குடுப்பா" என்றார்.

எடுத்தேன். ஒன்றாகப் படித்தவள் என்று சொன்னேன். அவளுடைய உம்மா என்னைச் சுகம் விசாரித்து, மன்னாரில் வெயில் எப்படி என்று கேட்டு, பிறகு மகளைக் கூப்பிட்டா. அவள் வந்ததும் நான் போனை நானாவிடம் கொடுத்துவிட்டு மதகின் மற்றப் பக்கம் போய்விடுவேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தது. அந்த நாட்களில் நானா வீடு திரும்பும் வழியெல்லாம் விசில் அடிப்பார். வாப்பா, "மகன் இப்ப கடலுக்குப் பழகிட்டான்" என்று உம்மாவிடம் சந்தோசப்பட்டார்.

ஒரு நாள் அந்தப் பிள்ளை, நான் போனைக் கொடுக்கப் போகும்போது, "கொஞ்சம் நில்லுங்க" என்றாள். "உங்கட நானாட்டச் சொல்லுங்க, இனி எடுக்க வேணாமெண்டு. எனக்கு அவரோட கோவமில்ல. அவர் திரும்பி வருவாரா மாட்டாரா எண்டு தெரியாம, ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குப் போனடியில நிக்க என்னால ஏலாது. உம்மாவும் சந்தேகப்படுறா."

நானா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் போனைக் கொடுத்தபோது மறுபக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. சிக்னல் போய்விட்டதென்று நினைத்து மேலே ஏறப் போனார். "நானா, இறங்குங்க. வழியில சொல்லுறன்" என்றேன். மதகடியில் மற்றவர்களுக்குக் கேட்டுவிடும்.

நடக்கும்போது அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எனக்குப் பதினாலு வயது. ஒரு செய்தியை எப்படி மெத்தென்று சொல்வது என்பது தெரியாது.

"ஓம்" என்றார் நானா. கொஞ்சத் தூரம் நடந்தபின், "சுகமா இருக்கிறாளா எண்டு கேட்டியா?" என்றார்.

"கேக்கல்ல நானா."

"பரவாயில்ல."

அடுத்த நாள் அவர் மதகுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. காரணத்தை உம்மாவிடம் சொல்ல முடியாது. என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவரைக் கேட்கவும் மனம் வரவில்லை. போன் தட்டில் வெறுமனே கிடந்தது. அப்படி, நானாவுக்கு அந்தப் பிள்ளை இல்லாமல் போனபோது எனக்கு என் சினேகிதியும் இல்லாமல் போனாள். சண்டையில்லை, கண்ணீரில்லை. ஒரு பின்னேரத்தில் நின்றுபோனது, பிறகு தொடரவில்லை. அவளும் எங்கள் போனுக்கு எடுத்துப் பார்த்திருப்பாள். வீட்டுக்குள் இருக்கும் போனுக்கு ஒன்றும் வந்து சேராது.

எனக்கு அதிகம் வலித்தது அவள் போனதல்ல, நானா போனதுதான். அந்த நடையில் கிடைத்த நானா திரும்பவும் காணாமல் போனார். வாப்பாவோடு போவதை விட்டுவிட்டு, பக்கத்துக் கத்தோலிக்க ஊரில் ஒரு சம்மாட்டியின் பெரிய வள்ளத்தில் போகத் தொடங்கினார். கூலிக்கு ஆள் பிடித்துத் தொழில் நடத்தும் அந்தச் சம்மாட்டி, முதல் நாள் எங்கள் கொட்டிலுக்கே வந்து வாப்பாவிடம் கேட்டார். "பிள்ளையை என்னோட விடுங்கோ. என்ர மகனுக்கும் இவர்ர வயதுதான். ரெண்டு பேரும் சேர்ந்து பழகட்டும்" என்றார். வாப்பாவும் அவரும் சிறுவயதில் ஒரே கடலில் வலை போட்டவர்கள். இடையில் போன வருடங்களைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை. பாரை மீன் முன்னைப் போல் கரைக்கு வருவதில்லை என்று மட்டும் பேசினார்கள்.

அந்தச் சம்மாட்டியின் மகனும் நானாவும் முதல் மாதம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே திரிந்ததாகக் கேள்வி. ஒரு நாள் உம்மாவோடு கடற்கரைக்கு மீன் வாங்கப் போனபோது, வள்ளத்தின் நிழலில் இருவரும் உட்கார்ந்து சிக்குப்பட்ட வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல, நானா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். புத்தளத்துச் சந்திக் கடையடியில் சிரிக்கும் அதே சிரிப்பு. எங்களைக் கண்டார். உம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். என்னைப் பார்க்காதவரைப் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தபின் யோசித்தபோது, நானா சுகமாகிவிட்டார் என்று தோன்றியது.

என் பங்குக்கு எனக்கும் ஒருத்தி வந்தாள். எங்கள் பாடசாலைக்கு மன்னார்த் தீவுப் பக்கத்திலிருந்து புதிய அதிபர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் சேர்ந்தாள். உரத்த குரல், எதையும் கேட்டுவிடும் வாய். இரண்டாம் நாளே என் பக்கத்தில் வந்து நின்று, "நீ ஏன் எப்பவும் ரோட்டையே பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பஸ் பின்னேரம்தான் வரும்" என்றாள். நான் பஸ்ஸைப் பார்க்கவில்லை என்றேன். "அப்ப என்னோட வா, கிணத்தடியில ஒரு உடும்பு இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உடும்பு இருக்கவில்லை. அவளுக்குப் புத்தளம் பற்றி ஒன்றும் தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவளோடு இருக்கும்போது நான் எதையும் விட்டுவிட்டு வந்தவளாக இருக்க வேண்டியதில்லை. வருடம் முடிவதற்குள் வகுப்பில் நாங்கள் நான்கு பேர் ஒரு கூட்டமாகிவிட்டோம். மதகடியிலும் கூட்டம் குறைந்தது என்று கேள்விப்பட்டேன். வருபவர்களும் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்களாம்.

ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் கழித்துப் புத்தளத்தில் சினேகிதியின் ராத்தாவுக்கு, அவளுடைய அக்காவுக்கு, கலியாணம் வந்தது. உம்மாவும் நானாவும் நானும் போனோம். சினேகிதி வாசலுக்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "கறுத்துப்போயிட்டாய்" என்றாள். "கடல் காத்து" என்றேன். உள்ளே அழைத்துப் போனபோது, அவளும் இன்னும் ஆறேழு பெண்பிள்ளைகளும் ஒரே மயில்கழுத்து நிறத்தில் உடுத்திருப்பதைக் கண்டேன். பெண்வீட்டுத் தோழிகள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்துவதென்று முடிவு செய்திருந்தார்கள். நான் மஞ்சளில் போயிருந்தேன். அவள் என் உடுப்பைப் பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள், முகம் சிவந்து, "உனக்குச் சொல்ல வழியில்லாமப் போச்சு" என்றாள். உண்மைதான். போன் எங்கே வேலை செய்தது? மற்றப் பிள்ளைகளுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தாள். நல்ல பிள்ளைகள். போனில் நான் கேட்ட பெயர்களுக்கெல்லாம் அன்றைக்கு முகம் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் இடம் தந்தார்கள், இறைச்சித் துண்டுகளைத் தேடி எடுத்து வைத்தார்கள். விருந்தாளிக்குச் செய்வதையெல்லாம் குறைவில்லாமல் செய்தார்கள்.

நானா ஆண்கள் பக்கத்தில் இருந்தார். சன்னல் வழியாகத் தெரிந்தது. கூட்டாளிமார் ஐவரும் வந்திருந்தார்கள். மீசை முளைத்திருந்தது. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்ததால் அதைப் பற்றியே பேச்சு. யாரோ ஒரு ஆசிரியரைப் போல நடித்துக் காட்ட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானா ஒரு கணம் பிந்திச் சிரித்தார். அந்த ஆசிரியர் யாரென்று அவருக்குத் தெரியாது.

பின்னேர பஸ்ஸுக்கு நின்றோம். உம்மா உறவுக்காரர் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தா. நானா வானத்தைப் பார்த்துவிட்டு, "சோளகக் காத்து எழும்பிட்டுது" என்றார். "இண்டைக்கு அவன் தனியத்தான் வலை இழுத்திருப்பான்." அவன் என்றது யாரை என்று நான் கேட்கவில்லை. சம்மாட்டியின் மகனை. "அதிபர்ர மகளுக்கு வளையல் வாங்கிக்கொண்டு போகோணும்" என்றேன் நான். நானா என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேரும் போய் வளையல் பார்த்தோம்.

நான் சாதாரண தரத்தில் நன்றாகச் செய்தேன். உயர்தரம் படிக்க மன்னார் நகரத்துக்குப் போய் விடுதியில் நிற்க வேண்டும். வாப்பா தயங்கினார். "பொம்பிளப் பிள்ளையத் தனிய விட ஏலாது" என்று இரண்டு நாள் அதையே சொன்னார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நானா தலையைத் தூக்காமல் சொன்னார்: "என்னப் படிக்க அனுப்புறன் எண்டு வாக்குத் தந்தீங்க. அத இவளுக்குக் குடுங்க."

வாப்பா கையைக் கழுவினார். உம்மாவிடம் பிளேன்ரீ கேட்டார். குடித்து முடித்துவிட்டு, "அந்த விடுதி எந்தப் பக்கம்?" என்றார்.

விடுதிக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது நானாதான். மன்னார்ப் பாலத்தைத் தாண்டும்போது பஸ் யன்னலால் கடலைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் படித்தேன். பிறகு பல்கலைக்கழகம், பிறகு மன்னாரிலேயே ஒரு கந்தோரில் வேலை. ஒவ்வொரு படியிலும் எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: இது நானாவுடைய இடம், அவர் எழும்பித் தந்ததில் நான் இருக்கிறேன் என்று. அவரிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னால் நன்றி சொல்வதைப் போலாகிவிடும். அண்ணன் தங்கைக்கிடையில் நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே கல்வீடு, மின்சாரம், வீட்டின் எந்த மூலையிலும் சிக்னல். நானாவுக்குச் சொந்தமாக வள்ளம் இருக்கிறது. கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்து வேப்பமர நிழலில் நண்டு வலையை விரித்து வைத்துக்கொண்டு அறுந்த இடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பெருநாளன்றும் அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நானா, உங்கட இடத்த நான் எடுத்தன் எண்டு எனக்கு எப்பவும் ஒரு கவல இருக்கு."

"என்ன இடம்?"

"வாப்பா உங்களத்தானே படிக்க அனுப்புறன் எண்டவர். நீங்க போகாம எனக்குக் குடுத்தீங்க."

நானா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் போனனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அந்தக் கலியாணத்துக்குப் போயிட்டு வந்து சில மாசத்தில வாப்பா கேட்டார். சொன்ன வருசம் தாண்டிப்போச்சு, போறியா மகன் எண்டு. ஓம் எண்டு போனனான். பெரியவாப்பாவுக்கு உதவிக்குப் போனது எண்டுதான் உனக்குச் சொல்லியிருப்பினம்."

அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். நானும் அதை மறந்துபோயிருந்தேன்.

"பள்ளிக்கூடத்தில பிரின்சிபல் சேருக்கு என்னை ஞாபகம் இருந்திச்சு. சந்தோசமாச் சேர்த்துக்கொண்டார். வகுப்பில போய் இருந்தன். எல்லாம் எனக்கு இளைய பொடியன்மார். என்னை நானா எண்டு கூப்பிட்டாங்கள். மரியாதையான பிள்ளையள்." முடிச்சு ஒன்றைப் பல்லால் இறுக்கினார். "இடைவேளைக்கு மணி அடிச்சது. எல்லாரும் வெளிய ஓடினாங்கள். எனக்கு ஓடிப் போறதுக்கு ஆளில்ல. வாங்கிலேயே இருந்தன். அப்பதான் விளங்கினது. வாப்பாவோட சண்ட பிடிச்சு, சாப்பிடாம இருந்து, படிக்கோணும் படிக்கோணும் எண்டு நிண்டனே, அது படிப்புக்கில்ல. அந்த அஞ்சு பேருக்குத்தான். அவங்கள் சோதனை எழுதிட்டுக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போயிட்டாங்கள். பள்ளிக்கூடம் மட்டும் அங்க நிண்டது."

"பிறகு?"

"பிறகென்ன, ரெண்டாம் நாள் பஸ் ஏறினன். வாப்பாட்ட உள்ளதச் சொன்னன். அடுத்த நாள் சுபஹுத் தொழுதிட்டுக் கடலுக்குப் போனம்."

"அப்ப எனக்காக விட்டுத்தரல்லையா?"

"உனக்காக எண்டு நெனச்சா நெனச்சிக்கொண்டிரு. எனக்கும் பெருமதானே" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை முழுவதும் நம்புவதா என்பது இன்னும் எனக்குத் தெரியாது. என் மனதை இலேசாக்கச் சொன்னாரோ என்றும் தோன்றும். ஆனால் அந்த வாங்கைப் பற்றி அவர் சொன்னது பொய்யாக இருக்க முடியாது. அந்தக் கொட்டகைப் பள்ளியில், அதிபரின் மகள் வருவதற்கு முன், நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வயதில் ஒரு பிள்ளை எதை இழக்கிறது என்பது பெரியவர்களுக்குத் தெரிவதில்லை, பிள்ளைக்கும் தெரிவதில்லை. படிப்பு என்கிறோம், ஊர் என்கிறோம். வாப்பா திரும்பி வந்ததுகூட மண்ணுக்காக என்றுதான் நாங்கள் நினைத்தோம். சம்மாட்டியோடு அவர் பாரை மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த முகத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என் புத்தளத்துச் சினேகிதி பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள், நானும் அனுப்புவேன். அதிபரின் மகள் இப்போது கண்டியில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு தரமாவது பேசாவிட்டால் எனக்கு ஏதோ குறைகிறது. இதில் யார் மீதும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சம்மாட்டியின் மகன். தலைமயிர் முன்பக்கம் குறைந்து, வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. இறங்காமலே படலைக்கு வெளியே நின்று, "மச்சான், வட்டிலப்பம் மிச்சம் இருக்கோ, இல்லாட்டித் திரும்பிப் போகவோ?" என்று குரல் கொடுத்தார்.

நானா வலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து ஓடினார்.